கிளினிக் வாசலில்: ஜெபமா, பேச்சா?

அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்க்கும் கிறிஸ்தவத் தன்னார்வலர்கள் கிளினிக் வாசலில் இரண்டு விதமாக நிற்கிறார்கள். 2004-இல் டெக்சாஸில் தொடங்கிய '40 டேஸ் ஃபார் லைஃப்' இயக்கத்தின் வழி உபவாசமும் ஜெபமும். முறை போட்டு நிற்பார்கள். கத்தோலிக்கர் கையில் ஜெபமாலை இருக்கும்.

இன்னொன்று, உள்ளே போகும் பெண்ணிடம் நேராகப் பேசுவது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிளினிக் வாசலிலிருந்து 35 அடிக்குள் வெளியாட்கள் நிற்கக் கூடாது என்றிருந்த தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்த வழக்கைத் தொடுத்தவர்கள் இப்படிப் பேசியவர்கள்தான். பிள்ளையைப் பெற நினைத்தும் வழி தெரியாதவருக்கு உதவியைச் சொல்லலாம், சரி. ஆனால் கலங்கிப்போயிருப்பவரை அந்நியர் அணுகுவது எனக்கு உறுத்துகிறது. ஜெபம் யாரையும் மறிப்பதில்லை. என்றாலும் வாசலில் கூட்டம் நின்றாலே அந்தப் பெண்ணுக்குப் பாரம். ஜெபத்தையே தேர்ந்தெடுப்பேன், அதுவும் வாசலை விட்டுத் தள்ளி நின்று.