ஃபாஃப்சா மட்டும் கேட்கும் கல்லூரியா, சிஎஸ்எஸ் புரொஃபைலும் கேட்கும் கல்லூரியா: உங்கள் வீட்டுக் கணக்குக்கு எது தோது?

அமெரிக்காவில் பிள்ளை 12ஆம் வகுப்புக்கு வந்துவிட்டால் செப்டம்பர் முதல் வீட்டில், கல்லூரிச் செலவுக்கு நிதியுதவி கேட்கும் இரண்டு படிவங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று ஃபாஃப்சா. மத்திய அரசின் கல்வித் துறை நடத்துவது, பைசா செலவில்லை. இன்னொன்று சிஎஸ்எஸ் புரொஃபைல். எஸ்ஏடி தேர்வை நடத்தும் அதே காலேஜ் போர்டு நடத்துவது, கட்டணம் உண்டு. "இரண்டில் எதைப் போடுவது?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். ஃபாஃப்சாவை, தகுதியுள்ள எல்லோரும் போட வேண்டும். புரொஃபைலை, அதைக் கேட்கிற கல்லூரிக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் ஒப்பிட வேண்டியது படிவங்களை அல்ல, கல்லூரிகளை. ஃபாஃப்சாவோடு திருப்தியடைகிற கல்லூரிகள் ஒரு பக்கம், இரண்டையும் கேட்டு நம் வீட்டைக் குடைகிற கல்லூரிகள் மறுபக்கம்.

அரசுக் கல்லூரி என்றால் ஃபாஃப்சா, தனியார் என்றால் புரொஃபைல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், பாதிதான் சரி. நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யூசி) வளாகங்களுக்கும் ஃபாஃப்சா போதும். ஆனால் ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன், சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா, வர்ஜீனியா பல்கலைக்கழகம், மூன்றும் அரசுப் பல்கலைக்கழகங்கள்தான், மூன்றும் புரொஃபைல் கேட்கும். அந்தப் பக்கம் பார்த்தால் ஃபாஃப்சாவோடு நிறுத்திக்கொள்ளும் தனியார் கல்லூரிகளும் ஏராளம். ஆகவே பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவிப் பக்கத்தையும் திறந்து பார்க்காமல் வேலை ஆகாது.

நிரப்புகிற உழைப்பு விஷயத்தில் ஃபாஃப்சா இப்போது எவ்வளவோ தேவலை. 2024-25 கல்வியாண்டுக்கான படிவத்தை மாற்றியமைத்தபோது பெரும் குழப்பம் நடந்தது. அக்டோபரில் திறக்க வேண்டியது டிசம்பர் கடைசியில்தான் திறந்தது, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரால் மாதக்கணக்கில் உள்ளேயே போக முடியவில்லை. அந்தக் கூத்துக்குப் பிறகு, ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1க்குள் திறந்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் சட்டமே போட்டுவிட்டார்கள். இப்போது நீங்கள் சம்மதம் கொடுத்தால் வருமான விவரம் வரித் துறையிலிருந்து நேராக வந்து விழுந்துவிடும். கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் உள்நுழைந்தால் போதும், தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் இருவரும் வர வேண்டும். அந்தச் சம்மதப் பெட்டியை மட்டும் தவறவிடாதீர்கள். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் மத்திய அரசு உதவி கிடையாது.

புரொஃபைல் அப்படியல்ல. வீட்டை எந்த வருடம் வாங்கினீர்கள், என்ன விலைக்கு வாங்கினீர்கள், கடன் பாக்கி எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள், அடுத்த வருடம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், மருத்துவச் செலவு என்ன, இளைய பிள்ளை தனியார் பள்ளியில் படித்தால் அதற்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று போய்க்கொண்டே இருக்கும், பெண் பார்க்க வந்த வீட்டில் பெரியம்மா கேட்கும் கேள்விகள் மாதிரி. அது முடிந்த பிறகு ஐடாக் என்ற தளத்தில் வரித் தாள்களையும் டபிள்யூ-2 எனும் வருடச் சம்பளச் சான்றுகளையும் ஏற்றச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. கட்டணம் முதல் கல்லூரிக்கு 25 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 16. பத்துக் கல்லூரி என்றால் 169 டாலர். குடும்ப வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால் கட்டணம் தள்ளுபடி. இந்த 169 டாலரை நினைத்துத் தயங்குகிறவர்களைப் பார்க்கிறேன். விண்ணப்பக் கட்டணத்துக்கும் எஸ்ஏடி பயிற்சிக்கும் கொட்டியதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

இரண்டு முறைகளும் வருமானத்தையும் சொத்தையும் வைத்து வருடத்துக்கு உங்கள் வீட்டால் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பங்கைக் கணக்கிடும், செலவில் அது போக மிச்சம்தான் உங்கள் தேவை. சரி, எந்தக் கணக்கு நமக்குச் சாதகம்? இங்கேதான் நம் குடும்பங்களின் ஏற்பாடு முக்கியம்.

முதலில் குடியிருக்கும் வீடு. ஃபாஃப்சா அதைக் கேட்பதே இல்லை. புரொஃபைல் கேட்கும், அதன் பிறகு என்ன செய்வது என்பது ஒவ்வொரு கல்லூரியின் விருப்பம். எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய வீட்டில் கடன் போக 3 லட்சம் டாலர் உங்களுடையது என்று வையுங்கள். அதை முழுதாக எடுத்துக்கொள்ளும் கல்லூரி வருடத்துக்கு அதில் 5 சதவீதம், அதாவது 15,000 டாலர், நீங்கள் கூடுதலாகத் தர முடியும் என்று எழுதிவிடும். வீட்டுச் சுவரைப் பெயர்த்தா கட்டுவது என்று கேட்டால் பதில் இல்லை. வருமானத்தின் இத்தனை மடங்குக்கு மேல் வீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று வரம்பு வைக்கும் கல்லூரிகளும் உண்டு. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் வீட்டைச் சேர்ப்பதில்லை, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2025-26 முதல் விட்டுவிட்டது. மற்ற இடங்களில் நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "குடியிருக்கும் வீட்டை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். சங்கோஜப்பட வேண்டியதில்லை, சொல்வார்கள்.

அடுத்தது ஊர்ச் சொத்து. நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டும், தஞ்சாவூர்ப் பக்கம் உங்கள் பெயரில் எழுதிய நிலமும், வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் கிடக்கும் வைப்புத் தொகையும் இரண்டு படிவங்களிலும் காட்ட வேண்டியவையே. குடியிருக்கும் வீட்டுக்கு உள்ள விலக்கு ஊர் வீட்டுக்குக் கிடையாது. ஃபாஃப்சா கணக்கில் பெற்றோர் சொத்துக்கு அதிகபட்சம் 5.64 சதவீதம், ஆகவே ஒரு லட்சம் டாலர் ஃபிளாட் உங்கள் பங்கை வருடத்துக்கு 5,640 டாலர் வரை ஏற்றும். "இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது" என்று சொல்லும் நண்பர் எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அந்த வெளிநாட்டுக் கணக்கை வருடா வருடம் எஃப்பார் படிவத்தில் நீங்களே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். உங்கள் அப்பா பெயரில் இருக்கும் நிலம் உங்கள் சொத்து அல்ல, அதை எழுத வேண்டாம். உடுத்தும் துணி, போடும் நகை எல்லாம் ஃபாஃப்சாவுக்குச் சொந்தப் பொருட்கள்தான், கேட்காது.

பிள்ளையின் பெயரில் பணம் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். ஃபாஃப்சா பிள்ளையின் சேமிப்பில் 20 சதவீதத்தையும் புரொஃபைல் முறை 25 சதவீதத்தையும் எடுத்துக்கொள்ளும். பத்தாயிரம் டாலர் பிள்ளை கணக்கில் இருந்தால் ஃபாஃப்சாவில் 2,000, அதே தொகை பெற்றோர் கணக்கில் இருந்தால் 564. பெற்றோர் பெயரில் திறந்த 529 எனும் கல்லூரிச் சேமிப்புக் கணக்கு பெற்றோர் சொத்தாகத்தான் சேரும். அப்புறம், சொத்து மதிப்பு படிவத்தில் கையெழுத்திடும் நாளின் மதிப்பு. கிரெடிட் கார்டு பாக்கியோ வீட்டுக் கூரை மாற்றும் செலவோ இருந்தால் முந்தின வாரம் முடித்துவிட்டு உட்காருங்கள்.

இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருக்கும் வீடுகளுக்கு நிலைமை தலைகீழ். முன்பெல்லாம் ஃபாஃப்சா பெற்றோர் பங்கைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுக்கும். 2024-25 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். உங்கள் பங்கு 40,000 என்று வந்தால் முன்பு தலைக்கு 20,000, இப்போது மூத்தவனுக்கும் 40,000, இளையவளுக்கும் 40,000. புரொஃபைல் கல்லூரிகள் பெரும்பாலும் இன்னும் குறைக்கின்றன. இரண்டு பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் வழக்கமாக 60 சதவீதம், அதாவது 24,000. இரட்டைப் பிள்ளைகளோ ஒன்றிரண்டு வயது இடைவெளியோ உள்ள குடும்பம் புரொஃபைலைக் கண்டு ஓடுவது சுத்தமாகத் தப்பு. இருவரும் சேர்ந்து படிக்கும் வருடங்களில் அவர்களுக்கு ஆதாயம் அந்தப் பக்கம்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்பளத்தில் பிடித்து 401கே எனும் ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் போட்டதைப் புதிய ஃபாஃப்சா வருமானமாகச் சேர்ப்பதில்லை, புரொஃபைல் முறை திரும்பச் சேர்த்துவிடும். விவாகரத்தான குடும்பத்தில் ஃபாஃப்சாவில் பிள்ளைக்காக அதிகம் செலவழித்த ஒரு பெற்றோரின் விவரம் போதும், புரொஃபைல் கல்லூரிகள் பல இன்னொருவரையும் தனியே நிரப்பச் சொல்லும். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்புவதை ஃபாஃப்சாவில் சொல்ல இடமே இல்லை, அவர்கள் உங்களோடு வசிக்காததால் குடும்ப எண்ணிக்கையிலும் வர மாட்டார்கள். புரொஃபைலில் சிறப்புச் சூழ்நிலை என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே தொகையோடு எழுதலாம். ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் இஷ்டம்.

இதுவரை சொன்னதை வைத்து, சொந்த வீடும் ஒற்றைப் பிள்ளையும் உள்ளவர்கள் ஃபாஃப்சா பக்கமே இருந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபாஃப்சா கணக்கு தாராளமாக இருக்கிறது, ஆனால் அதன் பின்னால் இருக்கும் பை சின்னது. திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசு உதவியான பெல் கிராண்ட் அதிகபட்சமே 7,395 டாலர், அதுவும் குறைந்த வருமானத்துக்கு. இருவர் வேலைக்குப் போகும் ஐடி குடும்பத்துக்கு அதில் ஒன்றும் வராது. மிஞ்சுவது கடன். முதல் வருட மாணவருக்கு 5,500 டாலர் மத்திய அரசுக் கடன், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உண்டு. பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் வருடத்துக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. அரசுக் கல்லூரி உங்கள் தேவை 15,000 என்று ஒப்புக்கொண்டாலும் அதைத் தர வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. குடைந்து குடைந்து கேட்கும் கல்லூரிகளில்தான் கொடுக்கிற பணமும் இருக்கிறது. 2025-26 முதல் ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் வழக்கமான அளவு சொத்தோடு 2 லட்சம் டாலர் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, பிரின்ஸ்டனில் அந்த வரம்பு பெரும்பாலும் 2.5 லட்சம் வரை போகிறது. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அது தெரிந்ததுதான். ஆனால் அடுத்த வரிசையிலும் நன்கொடை நிதி வலுவாக உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாக் கல்லூரிகளும் தங்கள் தளத்தில் நிகர விலைக் கணிப்பான் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் கட்டாயம். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் போட்டுப் பாருங்கள், விளம்பர விலையைப் பார்த்துப் பயந்து ஒதுக்கிய சில பெயர்கள் திரும்பி வரும்.

விசா விஷயத்தில் இருக்கும் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். பிள்ளை இங்கே பிறந்த குடிமகன், நீங்கள் எச்1பி வேலை விசா என்றால் பிள்ளைக்கு ஃபாஃப்சா தகுதி முழுதாக உண்டு. பெற்றோரின் விசா அதற்குத் தடையே இல்லை, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத, எச்4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் அம்மாவும் ஃபாஃப்சா தளத்தில் கணக்குத் திறக்கலாம். பிள்ளையே எச்4 என்றால் கதை வேறு: மத்திய அரசின் உதவியும் இல்லை, கடனும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் புரொஃபைல் கல்லூரிதான் வழி, அதிலும் பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டு மாணவராக எண்ணுவார்கள், பணம் கேட்டால் சேர்க்கை வாய்ப்பே குறையலாம். பணத் தேவையைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் இடங்கள் சில உண்டு: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போல.

கல்லூரிகளின் நிதியுதவிக் கடிதங்கள் வந்த பிறகு ஒப்பிடும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கற்பனையாக ஒன்று: மாநிலப் பல்கலைக்கழகத்தின் மொத்தச் செலவு 36,000, உதவி என்று 5,500. தனியார் கல்லூரியின் செலவு 88,000, உதவி என்று 60,500. இரண்டாவது கடிதத்தை வரிவரியாகப் பிரித்தால் கிராண்ட் 52,000, வொர்க் ஸ்டடி 3,000, மிச்சம் 5,500 கடன். முதல் கடிதத்தின் 5,500 முழுக்கக் கடன். கடனையும் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியதையும் அடித்துவிட்டால் இங்கே 36,000, அங்கேயும் 36,000. கடிதத்தில் எல்லாவற்றையும் "அவார்டு" என்றே போடுவார்கள். பேரன்ட் பிளஸ் கடனையும் உதவிக் கணக்கில் சேர்த்துக் கூட்டித் தரும் கடிதங்கள்கூட வரும்.

இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே உறுதி கொடுக்கும் எர்லி டிசிஷனில் போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே கிடைக்காது. ஒரே கடிதம், அதற்கே கட்டுப்பட வேண்டும். உதவி போதவில்லை என்று காட்டி விலகலாம் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், கணிப்பான் சொன்ன தொகையைக் கட்ட முடியும் என்றால் மட்டும் போடுங்கள். அதற்கான புரொஃபைல் கெடு பெரும்பாலும் நவம்பர் முதல் பாதியிலேயே வந்துவிடும். கலிஃபோர்னியாவில் கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகைக்குக் கெடு மார்ச் 2.

இரண்டு படிவங்களும் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தையே அடிப்படையாக எடுக்கின்றன. 2027 இலையுதிர் காலத்தில் சேரும் பிள்ளைக்கு 2025 கணக்கு. நடுவில் வேலை போயிருந்தால் படிவத்தில் அது தெரியாது அல்லது சரியாகத் தெரியாது. கல்லூரிக்கு நேராக மேல்முறையீடு செய்யுங்கள். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, இந்த வருடம் மொத்தம் எவ்வளவு வரும் என்று ஒரு பக்கக் கணக்கு, இவை போதும், கண்ணீர்க் கதை வேண்டாம். அதே தரத்தில் உள்ள இன்னொரு கல்லூரி அதிகம் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணைக்கலாம். மே 1 டெபாசிட் கெடு நெருங்கியும் பதில் வரவில்லை என்றால், கெடுவை ஒரு வாரம் தள்ளித் தரச் சொல்லி மின்னஞ்சல் போடுங்கள், அதையும் பிள்ளையின் முகவரியிலிருந்தே போடச் சொல்லுங்கள்.