பறந்துபோன லாரிகள்: சுமோவுடன் நான்கு ஆண்டுகள்

சிக்னலில் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் என்ன ஆகும் என்று சாலையிலேயே சோதித்தால் ஊரே திட்டும். அதனால்தான் சுமோவைப் பிடித்தேன். பழைய டாடா வண்டி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனி விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கிய போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள் இது, அதாவது சாலையையும் வண்டிகளையும் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது. நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூலம், 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளாக இதோடுதான் குடித்தனம்.

யாரும் பயன்படுத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலைகளை இறக்குவது எளிது. இடப்பக்கப் போக்குவரத்து என்று சொல்ல மறந்தால் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

முதல் ஆண்டில் ஒரு நாற்சந்தியில், எல்லாத் திசைக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் 120 வினாடிச் சுழற்சியை 80 ஆக்கிப் பார்த்தேன். சராசரித் தாமதம் மளமளவென்று இறங்கியது. கிராஃபெல்லாம் போட்டு ஆய்வு வழிகாட்டியிடம் காட்டத் தயாராகிவிட்டேன். அன்றிரவு சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலப்பக்கம் திரும்பக் காத்து நின்ற லாரி ஒன்று சட்டென்று காணாமல் போய், சந்திப்புக்கு அப்பால் முளைத்தது. 300 வினாடி நகராமல் நிற்கும் வண்டியை மென்பொருளே தூக்கி, அது போகவேண்டிய வழியில் முன்னால் வைத்துவிடும். எச்சரிக்கை வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன, நான்தான் படிக்கவில்லை. அந்த 300ஐ -1 ஆக்கி, தூக்கிவைப்பதை நிறுத்தி ஓட்டியதும் சந்திப்பு அப்படியே பூட்டிக்கொண்டது. நான் கொண்டாடிய தாமதக் குறைவில் பெரும்பகுதி பறந்த வண்டிகளின் கைங்கரியம்.

இயல்பமைப்பில் பைக்குகளும் கார்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அவ்வளவு ஒழுக்கமான சிக்னலை நான் பார்த்ததில்லை. தடத்தைக் குறுகிய பட்டைகளாகப் பிரிக்கும் வசதியை இயக்கினால் அவை இடுக்கில் புகுந்து முன்னே வருகின்றன. கணக்கிட அதிக நேரமாகிறது. ஆனாலும் பச்சை விழுந்த முதல் சில வினாடிகள் நம்பும்படி இருக்கின்றன. மூலையில் சவாரிக்காக நிற்கும் ஆட்டோ வேண்டுமென்றால் நாமே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வண்டி வரத்தை உணர்ந்து பச்சையை நீட்டும் முறையைப் பெரிதும் எதிர்பார்த்தேன். 3 வினாடி இடைவெளி விழுந்தால் பச்சையை முடிப்பது அதன் இயல்பு. மாலை ஆறு மணிக்கு எங்கள் சந்திப்பில் அந்த இடைவெளி விழுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் உச்ச வரம்புவரை ஓடி, சாதாரண நேரச் சிக்னலாகவே நடந்துகொள்கிறது. காலை பதினொரு மணிக்குத்தான் அதன் அருமை தெரிகிறது.

வண்டிகளின் தற்செயல் போக்கைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான விதை எண்ணை மாற்றாவிட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும். இப்போதெல்லாம் இருபது எண்களில் ஓட்டுகிறேன். தாமதத்தைப் பார்ப்பதற்கு முன் எச்சரிக்கைக் கோப்பைத் திறந்து, எத்தனை லாரி பறந்தது என்று எண்ணிவிடுகிறேன்.