மூளையைப் படம் எடுத்து மனநோயைச் சொல்கிறோம் என்று 38,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். திருநெல்வேலியில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருக்கும் ஒரு தனியார் மூளைப் பரிசோதனை மையம். அங்கே 38,500 ரூபாயைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

என் தம்பிக்குக் காதில் யாரோ பேசுவது போலக் கேட்கிறது. சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று சாப்பிட மறுக்கிறான். சொந்தக்காரர்கள் சாமிக்குத்தம் என்றார்கள். அம்மா கேட்கவில்லை, ஆஸ்பத்திரிதான் என்று நின்றார். இந்த மையத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஒண்ணும் பயப்படாதியம்மா, மவனுக்கு என்னன்னு படம் எடுத்தே சொல்லிருவோம்" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். அதுவரை யாரும் அவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை. வளையலை அடகு வைத்துக் கட்டினோம்.

தலையில் வயர் ஒட்டினார்கள். கலர் கலராகப் படம், கீழே 'ஸ்கிசோஃப்ரீனியா 82 சதவீதம்', அதாவது மனச்சிதைவு நோயாம். எப்போது தொடங்கியது, தூங்குகிறானா, கஞ்சா பழக்கம் உண்டா, ஒன்றுமே கேட்கவில்லை.

அப்புறம் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா அந்தப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, தம்பியிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகப் பேசினார். தைராய்டு, பி12 பார்க்க எழுதினார். மனச்சிதைவு என்று உறுதி செய்ய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாதாம். அதெல்லாம் வலிப்பா, கட்டியா என்று வேறு காரணங்களை விலக்கத்தானாம். அறிகுறிகள் 6 மாதம் நீடிக்கிறதா என்றும் பார்ப்பார்களாம். தம்பிக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை! மருந்து இப்போதே தொடங்கியாச்சு, நோயின் பேரைப் பொறுத்திருந்து பார்த்துத்தான் சொல்வார்களாம்.

பணத்தைக் கேட்டுப் போனால் "சார் மீட்டிங்ல இருக்காங்க". மறுபடி போனால் "சென்னை ஆபீஸ்ல கேக்கணும்". கோட்டுக்காரரைப் போனில் பிடித்தேன். "நான் கவுன்சிலிங் குடுக்கேன்க்கா, டாக்டர்னு சொன்னேனா?" என்கிறார். சொல்லவில்லைதான், அப்புறம் கோட்டு எதற்கு? ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'கட்டணம் திருப்பித் தரப்படாது'. இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 38,500 ரூபாய்! பீடி சுற்றிச் சேர்த்த வளையல் அது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. பார்ப்பவர் மனநல மருத்துவர்தானா என்று கேளுங்கள். நோய்க்குச் சதவீதம் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், நுகர்வோர் கோர்ட்டுக்கு அது வேண்டும்.