ஜிங்க் ஆக்சைடு களிம்பு: எந்த டியூப் வாங்கலாம்?

மெடிக்கலில் ‘ஜிங்க் ஆக்சைடு’ என்று கேட்டால் நாலு விதமான டியூப்பை எடுத்து வைப்பார்கள். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே துத்தநாக ஆக்சைடு பொடிதான். எத்தனை சதவீதம், எதில் குழைத்தது என்பதைப் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

குழந்தைக்கு டயப்பர் கட்டும் இடம் லேசாகச் சிவந்திருந்தால் 10 முதல் 15 சதவீத க்ரீம் போதும். சுலபமாகப் பரவும், சுலபமாகத் துடைபடும். ராத்திரி முழுக்க ஒரே டயப்பர் என்றால் தாங்காது. வயிற்றுப்போக்கால் தோல் வெந்தது போல் ஆகிவிட்டால் 40 சதவீத பேஸ்ட்தான். டூத்பேஸ்ட்டை விடக் கெட்டியாக விரலில் நிற்கும். அமெரிக்காவின் டெசிட்டின் ஊதா டியூப் இந்த ரகம். அதில் மீன் எண்ணெய் உண்டு, அந்த வாடை எல்லோருக்கும் ஒத்துவராது. வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் 20 சதவீத ஆயின்ட்மென்ட் வாங்கலாம்.

பலர் ‘பூசியும் கேட்கவில்லை’ என்பதற்குக் காரணம் பூசும் விதம். இது தோலுக்குள் இறங்கும் மருந்து இல்லை, மேலே நின்று ஈரத்தைத் தடுக்கும் பூச்சு. ஈரத்தோடு பூசினால் அந்த ஈரத்தையே உள்ளே பூட்டி வைக்கும். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, ஐந்து பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். பிறகு சிவப்பு தெரியாத அளவு வெள்ளையாக அப்ப வேண்டும், தேய்க்கக் கூடாது. அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேல்பூச்சை மட்டும் வழித்துவிட்டு அதன்மேலேயே பூசலாம். ஒட்டியிருக்கும் வெள்ளையைச் சுரண்டினால் ஆறிவரும் தோலும் கூடவே வரும். முழுதாக எடுக்க சோப்பு உதவாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு நிமிடம் வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மேலே பவுடர் வேண்டாம், மடிப்புகளில் கட்டி கட்டியாக உருளும்.

இரண்டு மூன்று நாளில் குறையவில்லையா? தொடை இடுக்குக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் தனித்தனியாகச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? அது பூஞ்சையாக இருக்கலாம்; இந்தக் களிம்பு மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள். பூஞ்சை க்ரீம் கொடுத்தால் அது அடியில், ஜிங்க் மேலே. மாற்றிப் பூசினால் மருந்து தோலைத் தொடவே தொடாது.

பெரியவர்களுக்குத் தொடை உராய்வுக்கு நன்றாகக் கேட்கும். படுக்கையில் இருப்பவர்களுக்குச் சிறுநீர் ஈரத்திலிருந்து தோலைக் காக்கவும் பூசலாம், ஆனால் மெலிசாக. தடிமனாக அப்பினால் டயப்பரில் ஒட்டி, அது உறிஞ்சுவதே குறைந்துவிடும். வேர்க்குருவுக்கு இது வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு வியர்வையை அடைக்கும். அதற்குக் கேலமைன் லோஷன் இருக்கிறது, அதிலும் ஜிங்க் ஆக்சைடுதான், தண்ணீரில் கலந்தது என்பதால் காய்ந்துவிடும். சன்ஸ்கிரீனிலும் இதே பொருள் இருக்கிறதே என்று இதை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், இந்த டியூப்பில் எஸ்பிஎஃப் (வெயிலை எவ்வளவு தடுக்கும் என்ற எண்) அளவு கிடையாது. சீழ் பிடித்த புண், ஆழமான காயம் பக்கமும் கொண்டுபோகக் கூடாது.

சிலவற்றில் லானோலின் எனும் கம்பளிக் கொழுப்பு சேர்ந்திருக்கும், அது ஒவ்வாதவர்கள் பார்த்து வாங்கவும். துணியில் பட்டால் கறை லேசில் போகாது. டப்பாவா டியூப்பா என்றால் டியூப். டப்பாவில் பூசிய விரலையே மறுபடி விடுவோம்.