மொட்டை மாடியில் மூன்று வருடம்: என் கைகர் கவுண்டர் அனுபவம்

நீரோடிப் பக்கம் அக்கா வீட்டு மொட்டை மாடியில், கதிர்வீச்சை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் கைகர் கவுண்டர் ஒன்று வைத்து மூன்று வருடம் ஆகிறது. பழைய சோவியத் எஸ்பிஎம்-20 குழாய், மலிவான ஒரு போர்டு, கால் மணிக்கு ஒருமுறை அளவை நாகர்கோவிலில் இருக்கும் எனக்கு அனுப்ப ஒரு 2ஜி மாட்யூல். அந்தக் கரை மணலில் மோனசைட் என்ற தாது உண்டு, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் உண்டு. அதனால் என் வீட்டில் நிமிடத்துக்கு இருபது சொச்சம் காட்டும் குழாய் அங்கே ஐம்பதை ஒட்டிக் காட்டியது. அதில் ஆச்சரியமில்லை.

முதல் வாரமே ஒரு ராத்திரி 900 தாண்டியது. பதறிப்போய் போன் போட்டேன். "இங்க ஒண்ணும் இல்லடே, வலைதான் காயுது" என்றார் அத்தான்.

அடுத்த ஞாயிறு போய்க் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தேன். குழாய் இல்லாமலே எண்ணிக்கொண்டிருந்தது!

குற்றவாளி மாட்யூல்தான். எல்லையோரம் என்பதால் சிம் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் ஒரு நேரம் கேரள டவரையும் பிடிக்கும். டவர் தூரமாக இருந்தால் முழு மூச்சாகக் கத்தும், 2 வாட் வரை. 2ஜி ஒரே சீராக அனுப்புவதில்லை. விநாடிக்கு சுமார் 217 துடிப்பாக வெட்டி வெட்டி அனுப்பும். 400 வோல்ட் குழாய்க்குப் போகும் ஒயர் ஆன்டெனா மாதிரி அதை வாங்கிக்கொள்ள, ஒவ்வொரு துடிப்பையும் போர்டு ஒரு கதிராக எண்ணியது. நாலு விநாடி அனுப்பினால் 868. என் 900க்குக் கணக்கு சரியாக வந்தது.

அனுப்பும் நேரத்தில் எண்ணாதே என்று புரோகிராமில் எழுதினேன். பைசா செலவில்லை, முக்கால்வாசி ஒழிந்தது. மிச்சம், டவர் மாறும்போது மாட்யூல் தானாகப் பேசுவது. அது என் நேரக்கணக்கில் வராது. அதற்காகக் குழாயையும் போர்டையும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, ஆன்டெனாவை மூன்று மீட்டர் தள்ளிக் கட்டினேன். ஊடுருவும் சக்தி குறைந்த பீட்டா கதிரில் கொஞ்சத்தைத் தகரம் தின்றுவிடுவதால் அளவு சற்றுக் குறைந்தது. தகரத்தைத் தாண்டி வரும் காமா கதிர் போதும் எனக்கு.

மழை பெய்தாலும் அளவு ஏறும், அது நிஜம். காற்றிலுள்ள ரேடான் என்ற கதிர்வீசும் வாயு சிதைந்து பிறக்கும் வாரிசுகளான ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டையும் மழை கீழே இறக்குகிறது. அவற்றின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், முறையே 27, 20 நிமிடம். ஆகவே மழை விட்டபின் மெல்ல இறங்கும். மாட்யூலின் குறுக்கீடு அப்படியில்லை, ஊசி மாதிரி ஏறி அடுத்த நிமிடமே காணாமல் போகும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் முதல் ஐப்பசி முழுக்க நான் குழம்பிக் கிடந்தேன்.

குழாய்க்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. போர்டைத் திரும்ப வாங்க மாட்டேன். போன மாதம் இரண்டு ஊசிகள் மறுபடி எழுந்தன. போய்ப் பார்த்தால் உப்புக் காற்றில் டின் மூடி துருவேறி ஒட்டாமல் நின்றது. அலுமினியப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வரும் ஞாயிறு மாற்ற வேண்டும்.