பல்லை வீட்டிலேயே வெளுக்க: கூச்சம் வராமல் செய்வது எது?

பல்லை வெளுக்க வீட்டில் கையாளும் பொருள்கள் இரண்டு வகை. ஒன்று, மேலே படிந்த கறையைத் தேய்த்து எடுப்பது: உமிக்கரி, கரித்தூள் பேஸ்ட், ஆப்ப சோடா, 'ஒயிட்டனிங்' பேஸ்ட். இன்னொன்று, எனாமலுக்குள் ஊடுருவி நிறத்தையே வெளுப்பது: பெராக்சைடு ஜெல்லும் பட்டைகளும். எலுமிச்சை இரண்டிலும் சேராது. அது பல்லைக் கரைக்கிறது.

எதை வாங்குவது என்பதற்கு முன் எந்த மஞ்சள் என்று பார்க்க வேண்டும். டீ, காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை, நாள்கணக்கில் கொப்பளித்த குளோர்ஹெக்சிடின் திரவம் ஆகியவை விடுவது வெளிக்கறை. கீழ் முன்பற்களின் உட்புறம் ஈறோரமாகச் சொரசொரவென்று கட்டியிருந்தால் அது காரை. எந்தப் பேஸ்டும் அதை அசைக்காது, கிளீனிங்தான் வழி. கிளீன் செய்தால் பல் ஆடும் என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஈறு நோயால் ஏற்கெனவே பிடிப்பு இழந்த பல்லைக் காரை தாங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவருகிறது, அவ்வளவே. பலருக்குக் கிளீனிங்கோடு தேடிய வெண்மை கிடைத்துவிடும்.

வயதாக ஆக வரும் மஞ்சள் வேறு. எனாமல் மெலிந்து, அடியிலுள்ள டென்டினின் இயல்பான மஞ்சள் வெளியே தெரிகிறது. இதைத் தேய்த்தால் எனாமல் இன்னும் மெலியும், மஞ்சள் கூடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் வரும் பழுப்புத் திட்டுகளும் உள்நிறம்தான்; அவற்றை வீட்டில் சோதித்துப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

தேய்ப்பவற்றில்

பேஸ்ட் பல்லை எவ்வளவு தேய்க்கும் என்பதற்கு ஆர்.டி.ஏ. என்று ஓர் அளவு உண்டு. 250 வரை அனுமதி. கூச்சம் உள்ளவர்களுக்கு 70க்குள் இருப்பதே நல்லது. சொரசொரப்பாகத் தோன்றும் ஆப்ப சோடா இந்த அளவில் 7 அளவில்தான் நிற்கிறது. அதனால் இந்த வகையில் எங்கள் தேர்வு அதுவே. ஈரமான மென்மையான பிரஷில் கால் டீஸ்பூன், ஒரு நிமிடம், வாரம் இரண்டு முறை. அதில் ஃபுளோரைடு கிடையாது. எனவே அன்றும் வழக்கமான பேஸ்டை விடக் கூடாது. வெளிக்கறை மெதுவாகக் குறையும். உள்நிறம் மாறாது.

உமிக்கரியின் கதை வேறு. நெல் உமியில் சிலிகா நிறைய. கரியாக்கி இடித்தாலும் துகள்கள் ஒரே அளவில் அமைவதில்லை. விரலால் தேய்த்த காலத்தில் அழுத்தம் குறைவு. அதே பொடியை நைலான் பிரஷில் வைத்துக் குறுக்கே இழுத்தால் கோரைப்பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவப் பள்ளம் விழும். ஐஸ் தண்ணீர் குடித்ததும் சுள்ளென்று ஏறுவது அந்த இடத்திலிருந்துதான். கடையில் விற்கும் கரித்தூள் பேஸ்டுக்கும் இதே குறை. கூடவே, பழைய ஃபில்லிங்கின் விளிம்பில் கரி நுழைந்து கறுப்புக் கோடாக நின்றுவிடும்.

நீல நிறமி சேர்த்த பேஸ்ட் மஞ்சளை மறைத்துக் காட்டும். தீங்கில்லை, சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். கல்யாண போட்டோவுக்கு உதவும்.

எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். 2 முதல் 2.5 வரை (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). எனாமல் 5.5 அளவிலேயே கரையத் தொடங்கிவிடுகிறது. முதல் நாள் தெரியும் 'வெண்மை', பல்லின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சுண்ணாம்புபோல் பளபளப்பு இழந்ததுதான்; அந்தச் சொரசொரப்பில் அடுத்த டீக்கறை முன்னைவிட வேகமாக ஒட்டும். எலுமிச்சையும் சோடாவும் கலந்தால் பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. பொங்கி அடங்கிய பின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்.

வெளுப்பவற்றில்

இங்கே போட்டி ஒட்டும் பட்டைக்கும், மருத்துவர் அளவெடுத்துத் தரும், ஜெல் இட்டுப் பல்வரிசைமேல் மாட்டும் ட்ரேக்கும். பட்டையில் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 முதல் 14 சதவீதம். தினம் 30 நிமிடம், இரண்டு வாரம் என்பது வழக்கமான முறை. செலவு குறைவு. ஆனால் பட்டை நேராக இருக்கிறது, பல்வரிசை அப்படி இருப்பதில்லை. ஏறியிறங்கிய பற்களின் இடுக்கில் ஜெல் படாமல் திட்டுத் திட்டாக வெளுக்கும். ஓரம் ஈறில் மடிந்து எரியும்.

ட்ரே முறையை 1989இல் அமெரிக்காவின் ஹேவுட்டும் ஹேமனும் வெளியிட்டார்கள். அதில் இடும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல் வாயில் சிதைந்து சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் தருகிறது. அதையும் மணிக்கணக்கில் மெதுவாகத் தருகிறது. கூச்சத்துக்குப் பயப்படுபவர்களுக்கு இதற்கு நிகர் இல்லை என்பது எங்கள் கருத்து. 35 சதவீத ஜெல்லில் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் சில வாரங்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் வந்து நிற்கும்; வலி மட்டும் கூடுதல்.

செய்முறை எளிது. பல் துலக்கியபின், ட்ரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் நேராக, முன்பக்கச் சுவரில் அரிசி மணியளவு ஜெல். போட்டதும் ஈறில் வழிவதை விரலால் துடைத்துவிட வேண்டும். இரவு முழுக்க வைக்கலாம். கூச்சம் இருந்தால் 2 மணி நேரம் போதும், ஏறக்குறைய பாதி வேலை அதற்குள் முடிந்துவிடும். காலையில் ட்ரேயைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் கோணிவிடும், பிறகு ஈறைக் கடிக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். ஈறு வெள்ளையாகிப் போனால் ஜெல் அதிகம் என்று அர்த்தம்; தானே சரியாகும்.

பெராக்சைடு இல்லாதது என்று விற்கும் பி.ஏ.பி. (வெளுக்கும் வேறொரு பொருள்) ஜெல்களில் கூச்சம் குறைவு என்பது உண்மை. ஆனால் அமிலத்தன்மை சரிசெய்யப்படாத தயாரிப்பு எனாமலை அரிக்கும். டப்பாவைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கூடவே வரும் நீல விளக்கு வெறும் அலங்காரம்.

பெராக்சைடு எனாமலையும் டென்டினையும் தாண்டிப் பல்லின் கூழ்வரை போய் நரம்பை எரிச்சலூட்டுவதால்தான் கூச்சம் வருகிறது. இதற்கு 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே இரு வேளையும் அதில் துலக்குங்கள். கூச்சம் வந்துவிட்டால் ட்ரேயில் ஜெல்லுக்குப் பதில் அதையே 10 முதல் 30 நிமிடம் வைத்து, ஜெல்லை ஒன்றுவிட்டு ஒரு நாளாக மாற்றுங்கள். நிறுத்திய சில நாளில் இந்தக் கூச்சம் அடங்கிவிடும். தேய்ந்துபோன எனாமலால் வரும் கூச்சம் அப்படி அடங்காது. ஒரே ஒரு பல் மட்டும் விண்விண்ணென்று தெறித்தால் அங்கே சொத்தையோ விரிசலோ இருக்கலாம். உடனே நிறுத்திக் காட்டுங்கள்.

18 வயதுக்குள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெராக்சைடைத் தவிர்க்க வேண்டும். கேப்பும் ஃபில்லிங்கும் எந்த முறையிலும் வெளுக்காது. முன்பல்லில் ஃபில்லிங் மாற்ற வேண்டியிருந்தால் முதலில் வெளுத்து முடியுங்கள். இரண்டு வாரம் பொறுத்து, நிறம் நிலைத்தபின் அதற்கேற்ற ஃபில்லிங் வைக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் வைத்தால் நிறமும் பொருந்தாது, பிடிப்பும் குறையும்.