ஈஸ் நகரம்: எந்தக் காட்சியை வரைவது?

பிரான்சின் பிரெட்டன் மக்களின் மூழ்கிய நகரக் கதைக்குப் படம் போட உட்காரும் ஓவியர் முன்னால் மூன்று காட்சிகள் வந்து நிற்கும். தப்பி ஓடும் குதிரை, கடலுக்கு அடியில் கிடக்கும் நகரம், அணையின் கதவு. இவற்றில் எதை எடுக்கிறோமோ அதை வைத்தே பழி யார் தலையில் விழும் என்பதும் முடிவாகிவிடும். அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாத கதை இது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிரான்சின் மேற்கு முனையில் துவார்னெனே விரிகுடா. அங்கே கடல்மட்டத்துக்குக் கீழே, அணை கட்டி எழுப்பிய நகரம் ஈஸ். அரசர் கிராட்லோன். அணைக்கதவின் சாவி அவரிடம்தான் இருக்கும். மகள் தாஹுத் ஒரு இரவில் அதைத் திருடுகிறாள், கதவு திறக்கிறது, கடல் உள்ளே வருகிறது. மகளைக் குதிரையில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடும் அரசரிடம், அவளைத் தள்ளிவிட்டால்தான் பிழைப்பாய் என்கிறார் துறவி குவெனோலே. அரசர் தள்ளிவிடுகிறார்.

பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசிக் கணத்தைத்தான் வரைகிறார்கள். காரணம் எவாரிஸ்ட் லூமினே 1884 வாக்கில் தீட்டிய எண்ணெய் ஓவியம். கெம்பேர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுரையைக் கிழித்துப் பாயும் குதிரைகள், பக்கத்தில் துறவி, வெளிறிய உடலோடு அலைக்குள் சரியும் பெண். மூவரையும் ஒரே பாய்ச்சலில் கட்டிப்போட்ட அந்த அமைப்பு அபாரமானது. ஒரு முறை பார்த்தால் மறக்காது. ஆனால் அரசரின் கையை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். பெற்ற மகளைத் தள்ளும் கை அது. அந்தக் கை செய்வது சரி என்று நம்மைச் சம்மதிக்க வைக்கத்தான் மொத்த ஓவியமும் வேலை செய்கிறது. நகரத்தில் செத்தவர்களின் நினைப்பே நமக்கு வருவதில்லை. ஓர் ஊரே அழிந்த கதை ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையாகச் சுருங்கிப்போகிறது. எனக்கு இது உறுத்துகிறது.

கெம்பேர் பேராலயத்தின் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே குதிரைமேல் அமர்ந்திருக்கும் கிராட்லோன் சிலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பழைய சிலை பிரெஞ்சுப் புரட்சியில் உடைபட்டது. இப்போதிருப்பது 1858இல் வைத்தது. அதில் மகளே இல்லை. பிழைத்தவர் மட்டும் மிச்சம்.

அடுத்தது, கடலடி நகரம். நீலம், பச்சை, மங்கிய வெளிச்சம், மணியோசை என்று நீர்வண்ணத்துக்கு வாகான காட்சி. சிக்கல் கட்டடங்களில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லும் கதைக்கு ஊசிக்கோபுரம் வைத்த கோதிக் பேராலயம் வரைந்துவிடுகிறார்கள். அந்தப் பாணி பிறந்ததே பன்னிரண்டாம் நூற்றாண்டில். வரைபவர் துவார்னெனேவிலேயே உள்ள ப்ளோமார்க் பகுதிக்குப் போகலாம். ரோமானியர் காலத்தில் மீனை உப்பிட்டு ஊறவைத்துச் சாறு எடுத்த கல்தொட்டிகள் அங்கே இருக்கின்றன. மூழ்கிய ஈஸில் கோபுரத்துக்குப் பதில் ஓட்டுக்கூரைகளும் மீன்தொட்டிகளும் தெரிந்தால், அது மனிதர்கள் பிழைப்பு நடத்திய ஊர் என்று நம்பத் தோன்றும். இருந்தாலும் இந்தக் காட்சியில் ஒரு குறை தீராது: எல்லாம் முடிந்த பிறகு வரைவதால் யார் மேலும் கேள்வி எழாது.

என் ஓட்டு அணைக்கதவுக்கு. அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஆறு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வற்றும்போது கதவைத் திறந்து உள்நீரை வடிக்க வேண்டும், ஏறும்போது மூட வேண்டும். ஒரு முழு ஊரின் உயிரை ஒரே கதவிலும் ஒரே சாவியிலும் கட்டிவைத்தது யார்? அரசர்தானே. தூங்கும் தந்தை, குனியும் மகள், சுவருக்கு அப்பால் அவர்கள் தலைக்கு மேலே நிற்கும் கடல். இப்படி வரைந்தால் இருவருக்கும் பொறுப்பில் பங்கு வந்துவிடும். அழியப்போகும் வீடுகளின் விளக்குகளையும் ஓரத்தில் காட்டலாம்.

இதற்கு எண்ணெய் வண்ணத்தைவிட மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் மரச்செதுக்குப் பதிப்பு பொருந்தும். அதற்கு பிரெட்டன் மண்ணிலேயே முன்னோடிகள் உண்டு. ஆன்ரி ரிவியேர் 1890களில் ஜப்பானிய முறையைத் தானே பழகி, பிரெட்டன் கரையின் அலைகளைப் பல மரப்பலகைகளில் நிறம் நிறமாகப் பிரித்து அச்சிட்டார். 1920களில் ஜான் மாலிவெல் கறுப்பு வெள்ளையில், தடித்த கோடுகளில் செதுக்கினார். ரிவியேரின் அலை அழகாக இருக்கும், ஆனால் அது பகல் வெளிச்சத்து அலை. இரவுக் காட்சிக்கு மாலிவெல் வழிதான் சரி. பலகையில் செதுக்காமல் விட்ட இடமெல்லாம் கறுப்பாக விழும். கடலுக்கு அது போதும். உளி பட வேண்டியவை நான்கே: சாவி, மகளின் கை, கதவின் விளிம்பு, வீட்டு விளக்குகள்.

சிறுவர் நூலுக்கு என்றால் இரண்டாவதாக ஒரு பலகை வெட்டி, விளக்குகளுக்கு மட்டும் மஞ்சள் கொடுக்கலாம். அதற்கு மேல் நிறம் வேண்டாம்.